வகுப்பில் மாணவர் பேச வேண்டிய நேரம்

கல்லூரி ஆசிரியர்கள் ஒரு நாளில் அதிகம் கேட்கிற கேள்வி "புரிந்ததா?" என்பதாகத்தான் இருக்கும். அறுபது பேர் கொண்ட வகுப்பிலிருந்து அதற்கு வருகிற பதிலும் பெரும்பாலும் ஒன்றே. முன் வரிசையில் நான்கைந்து பேர் தலையசைப்பார்கள், பின் வரிசை நோட்டைப் பார்த்துக் குனிந்திருக்கும், ஆசிரியர் அடுத்த தலைப்புக்குப் போவார். இந்தக் கேள்வியால் ஆசிரியருக்கு ஒரு தகவலும் கிடைப்பதில்லை. புரியாதவர் எழுந்து புரியவில்லை என்று சொல்லமாட்டார். தவறாகப் புரிந்துகொண்டவருக்கோ அது தவறு என்பதே தெரியாது. சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பல ஆண்டுகளாக இளநிலை மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்துவருகிறேன். நன்றாகக் கற்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று புதிதாகப் பணிக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: மாணவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை விடைத்தாள் திருத்தும் நாள்வரை காத்திராமல், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அறிந்துகொள்ளுங்கள், அதற்காக நீங்கள் பேசுகிற நேரத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

தெளிவாக விளக்குகிற ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பலகையை ஒழுங்காகப் பயன்படுத்துவது, நிறுத்தி நிதானமாகச் சொல்வது, முந்தைய பாடத்தோடு தொடர்புபடுத்துவது எல்லாம் ஆசிரியத் தொழிலின் அடிப்படை; அவை இல்லாத இடத்தில் வேறு எந்த உத்தியும் எடுபடாது. ஆனால் நல்ல விளக்கத்தைக் கேட்கும்போது உண்டாகிற நிறைவு வேறு, அதே விளக்கத்தைத் தாமாகத் திரும்பச் சொல்ல முடிகிற திறன் வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பல மாணவர்களுக்குச் செமஸ்டர் தேர்வு முடிவில்தான் தெரியவருகிறது, அதற்குள் அரியர் என்ற சுமை தலையில் ஏறிவிடுகிறது.

ஆவியழுத்தம் பற்றிய பகுதியைத் தொடங்கும்போது முதலாண்டு வகுப்பில் நான் பலகையில் ஒரு வினாவை எழுதுவது வழக்கம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மேலெழுந்து வருகிற பெரிய குமிழிகளுக்குள் இருப்பது என்ன? ஒன்று, காற்று. இரண்டு, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். மூன்று, நீராவி. நான்கு, ஒன்றுமில்லை, வெற்றிடம். ஒரு நிமிடம் யாரும் யாரோடும் பேசாமல் யோசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில், தாங்கள் தேர்ந்த விடையின் எண்ணுக்கேற்ப விரல்களை நெஞ்சோடு சேர்த்து வைத்துக் காட்ட வேண்டும். கையை மேலே தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கிற மாணவியின் கையைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் விரல்களை மாற்றிக்கொள்வார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பன்னிரண்டாம் வகுப்புவரை வேதியியல் படித்துவிட்டு வந்தவர்கள்தான் எல்லோரும். இருந்தும் ஒற்றை விரலும் இரட்டை விரலுமே வகுப்பில் அதிகம் தெரியும். இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை அல்ல. இதே தவறான எண்ணம் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்தவர்களால் வேறு பல நாடுகளிலும் பதிவு செய்யப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடக் கூடாது. வேறு விரல் காட்டியவர் பக்கத்தில் யார் என்று பார்த்து, உங்கள் விடைதான் சரி என்று அவரை ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கத் தொடங்குவேன். அந்த இரண்டு மூன்று நிமிட இரைச்சல்தான் அந்த மணிநேரத்தின் மிகப் பயனுள்ள பகுதி. "தண்ணி ஹெச் டூ ஓ தானே, சூடு பண்ணினா ரெண்டும் தனித்தனியாப் பிரியும்ல" என்று ஒரு மாணவர் உறுதியாகச் சொல்ல, பக்கத்திலிருந்தவர், "அப்படிப் பிரிஞ்சா அடுப்பு நெருப்புல ஹைட்ரஜன் பத்திக்காதா? தெனமும் வீட்டுல வெடிக்கணுமே" என்று கேட்டதை நான் மறக்கவே முடியாது. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்புவிசைக்கும் மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டிவைத்திருக்கும் சகப்பிணைப்புக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை முறை விளக்கினாலும் இவ்வளவு வேகமாக அது ஒருவர் மனத்தில் இறங்காது. எதிரில் இருப்பவருக்குத் தடுமாற்றம் எந்த இடத்தில் என்பது சக மாணவருக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவரும் அண்மையில்தான் அதே இடத்தைக் கடந்து வந்திருக்கிறார்.

இரண்டாம் முறை விரல் காட்டச் சொல்லும்போது, சரியான விடையான நீராவிக்குரிய மூன்று விரல்களைக் காட்டுகிறவர்கள் பெருகியிருப்பார்கள். அதன்பிறகு நான் கொடுக்கிற ஐந்து நிமிட விளக்கத்தை வகுப்பு கேட்கிற விதமே வேறு, ஏனென்றால் இப்போது ஒவ்வொருவரும் ஒரு விடைக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து ஏற்காட்டை எடுத்துக்கொள்வேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிற சேலத்தில் அது 99 டிகிரியை ஒட்டி இருக்கிறது. காரணம் அங்குள்ள குளிரா, காற்றழுத்தமா? குளிர்தான் என்று பாதிப்பேர் சொல்வார்கள். மலை மேல் இருக்கிற ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இருப்பார்கள். குக்கர் இல்லாமல் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். குக்கர் என்ன செய்கிறது என்று கேட்டால், மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடுகிறது என்பதில் தொடங்கி, கொதிநிலையை முடிவு செய்வது அழுத்தம்தான் என்ற இடத்துக்கு அவர்களே வந்துசேர்வார்கள்.

இந்த முறையை ஒழுங்குபடுத்தி உலகம் அறியச் செய்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர். மாணவர்களிடம் நல்ல பெயர் பெற்றிருந்த ஆசிரியர் அவர். நியூட்டன் விதிகளைப் பற்றிய மிக எளிய, கணக்கே இல்லாத வினாக்களைத் தம் மாணவர்களிடம் அவர் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று ஒரு மாணவி அவரிடமே கேட்டார். தேர்வுக்கு ஓர் இயற்பியல், தனக்கு ஓர் இயற்பியல் என்று இரண்டை ஒரே மனத்தில் வைத்திருக்க முடியும் என்பதை அந்தக் கேள்வி காட்டிவிட்டது. 1991 முதல் அவர் தம் வகுப்பைச் சிறு சிறு விளக்கங்களாகவும், ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு வினாவாகவும், அந்த வினாவைப் பற்றி மாணவர்கள் தமக்குள் பேசுவதாகவும் மாற்றி அமைத்தார். முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லும்போதுதான் மாணவர் கலந்துரையாடல் பயன் தரும் என்பது இந்த முறையைக் கையாள்பவர்களின் பட்டறிவு. அதற்கும் குறைவென்றால் ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டும். அதற்கும் மேலென்றால் நேரத்தை வீணாக்காமல் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு நம் நன்னூலை நினைவுபடுத்த விரும்புகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கண நூலின் பொதுப்பாயிரம், ஆசான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்கூறு மட்டுமே என்கிறது. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கும், பிறருக்குத் தானே எடுத்துரைப்பதால் மீதி இரண்டு கால் பங்கும் வந்து சேரும் என்று கணக்குச் சொல்கிறது. இக்காலத்து ஆய்வுகளும் அந்தத் திசையிலேயே நிற்கின்றன. ஸ்காட் ஃபிரீமனும் அவருடைய குழுவினரும் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இளநிலை அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் விரிவுரையை மட்டும் கேட்டவர்களில் 33.8 விழுக்காட்டினர் தேர்ச்சி பெறவில்லை. வகுப்பில் ஏதேனும் செய்து கற்றவர்களில் அது 21.8 விழுக்காடு. அறுபது பேர் கொண்ட என் வகுப்பு இருக்கைகளின் மேல் இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் அது ஏழு மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் பட்டம் வாங்கிவரும் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, எண்ணிக்கை சிறிது என்று என்னால் கடந்துபோக முடிவதில்லை.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இந்த முறைக்கு முன்நிபந்தனையாக ஒன்று இருக்கிறது, அது மொழி. ஓமலூர், வாழப்பாடி, மேச்சேரி, ஆத்தூர் என்று சுற்று ஊர்களிலிருந்து காலை முதல் பேருந்தில் ஏறி வருகிற மாணவர்களில் கணிசமானோர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள், தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் கொடுத்து இவர்கள் படிப்பைத் தொடர வழி செய்கின்றன. ஆனால் கல்லூரிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே அவர்கள் பாடம் முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம், சவ்வூடு பரவல், வினைவேக மாற்றி என்று அவர்கள் தெளிவாகக் கற்றிருந்த பொருள்கள் எல்லாம் புதுப் பெயரோடு வரும்போது, தெரிந்ததையே தெரியாததாக எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். ஆசிரியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறார்; மாணவர் விடையை யோசிப்பதை விட்டுவிட்டு வாக்கியத்தை யோசிக்கத் தொடங்குகிறார்; வாக்கியம் அமைவதற்குள் கேள்வி வேறொருவரிடம் போய்விடுகிறது.

ஆகவே என் வகுப்பில் யோசிப்பதும் வாதிடுவதும் தமிழில் நடக்கும், எழுதுவது ஆங்கிலத்தில் நடக்கும். கலந்துரையாடல் முடிந்ததும் இருவர் சேர்ந்து தங்கள் காரணத்தை இரண்டே ஆங்கில வாக்கியங்களில் எழுத வேண்டும். இலக்கணப் பிழையை அந்த நேரத்தில் நான் திருத்துவதில்லை, வேதியியல் பிழையை மட்டும் திருத்துவேன். இப்படிச் செய்தால் ஆங்கிலம் வராது என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். பொருளைத் தமிழில் உறுதியாகப் பிடித்துக்கொண்டவர் அதை ஆங்கிலத்தில் எழுதப் பழகிக்கொள்வதையும், பொருள் புரியாதவர் ஆங்கில வரிகளை மனப்பாடம் செய்து, நடுவில் ஒரு சொல் மறந்ததும் நின்றுவிடுவதையும் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். மொழியையும் பாடத்தையும் ஒரே மூச்சில் ஏறச் சொல்வது நியாயமில்லை.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்கத் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசியவர்கள் பெருகினார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டிய மாணவருக்கு மூன்று விநாடியும் போதாது. பத்து விநாடியாவது வேண்டும். வகுப்பின் மௌனத்தில் பத்து விநாடி ஆசிரியருக்கு மிக நீளமாகத் தோன்றும், ஆனால் பழகிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது, போர்ஷனை யார் முடிப்பது என்ற கேள்வி உடனே வரும், நியாயமான கேள்விதான். ஐந்து யூனிட்டுகள், இடையில் விடுமுறைகள், அகமதிப்பீட்டுத் தேர்வுகள், கல்லூரி விழாக்கள் என்று செமஸ்டர் சுருங்கிவிடுகிறது. என் விடை இது: வகுப்பில் நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதை நிறுத்திவிட வேண்டும். ஆசிரியர் வாசிக்க மாணவர் எழுதுகிற அந்த அரைமணி நேரத்தில் இருவர் மனமும் வேலை செய்வதில்லை. அதே குறிப்புகளை முன்கூட்டியே ஜெராக்ஸ் கடையிலோ வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலோ கொடுத்துவிடலாம். அப்படி மிச்சமாகும் நேரத்தில் ஒரு மணிநேரத்துக்கு இரண்டு வினாக்களைத் தாராளமாக விவாதிக்க முடிகிறது, போர்ஷனும் முடிகிறது. எல்லாத் தலைப்புகளுக்கும் ஒரே அளவு நேரம் தர வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவர் தாமே படித்துக்கொள்ளக்கூடிய பட்டியல்களை, பயன்களை, வரையறைகளை அவர்களிடமே விட்டுவிட்டு, எங்கே எல்லோரும் இடறுகிறார்களோ அந்த இடத்தில் நின்றால் போதும்.

வினாவை எங்கிருந்து எடுப்பது என்பதில் சேலம் ஆசிரியர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் சாலையில் மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் சுரங்கங்களைப் பார்த்தபடி தினமும் வருகிறவர்கள் என் மாணவர்கள். 84 கிலோ தூய மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் எத்தனை கிலோ மிஞ்சும் என்று கேட்டால், நிறை அழியாது என்ற விதியைச் சரியாகவே நினைவில் வைத்திருப்பவர்கள் 84 என்பார்கள். ஒரு பகுதி எரிந்துபோகும் என்று சிலர் சொல்வார்கள். மிஞ்சுவது 40 கிலோ மக்னீசியம் ஆக்சைடு, 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகச் சூளையின் புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது. சுரங்கத்திலிருந்து வந்த கல்லின் எடையில் பாதிக்கு மேல் காற்றில் கலந்துவிடுகிறது என்று தெரிகிற கணத்தில் வேதிச்சமன்பாட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் அவர்களுக்கு முதன்முறையாக எடையுள்ள பொருள்களாகின்றன.

ஒரு பொருளோ கலவையோ எந்த வெப்பநிலையில் திண்மமாக, எந்த வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் என்று காட்டுகிற நிலைமை வரைபடம் நடத்தும்போது இதைவிட நல்ல உதவி கிடைக்கும். பாடத்திட்டத்தில் இருப்பது ஈயமும் வெள்ளியும், ஏறத்தாழ 2.6 விழுக்காடு வெள்ளி உள்ள கலவை 303 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றி வெள்ளிக் கொலுசு வேலை செய்கிற குடும்பங்களின் பிள்ளைகள் எப்போதும் ஓரிருவர் வகுப்பில் இருப்பார்கள். கொலுசின் வளையங்களை இணைக்கும்போது வெண்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்துச் சூடு காட்டுகிறீர்களே, பொடி உருகும்போது கொலுசு ஏன் உருகுவதில்லை என்று ஒரு மாணவரிடம் கேட்டேன். பொடியில் செம்பு கலந்திருக்கிறது, அதனால் முன்னாலேயே இளகிவிடும், சூடு கொஞ்சம் மிஞ்சினால் கொலுசும் போய்விடும் என்று அவர் சொன்னார். தூய வெள்ளி 962 டிகிரியில் உருகும், தூய செம்பு 1,085 டிகிரியில் உருகும். ஆனால் 72 விழுக்காடு வெள்ளியும் 28 விழுக்காடு செம்பும் சேர்ந்த கலவை 779 டிகிரியிலேயே உருகிவிடும். நான் இந்த மூன்று எண்களைப் பலகையில் எழுதி, வரைபடத்தை அவரையே வரையச் சொன்னேன். அந்த ஆண்டு, கலவை மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகுகிற அந்த யூடெக்டிக் புள்ளி என்ன என்று வகுப்பில் யாருக்கேனும் ஐயம் வந்தால் என்னிடம் வருவதற்கு முன் அவரிடம் போனார்கள். கல்லூரியில் தன் வீட்டுத் தொழிலைப் பற்றி வாய் திறவாத பிள்ளை வகுப்பின் முன் நின்று அதை அறிவாகச் சொல்வதற்கு இடம் கொடுப்பது, என்னைப் பொறுத்தவரை, மதிப்பெண்ணைவிடப் பெரிய பயன்.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் நோட்டை மூடிவைத்து, முந்தைய வாரப் பாடத்திலிருந்து மூன்று சிறு வினாக்களுக்கு விடை எழுதச் சொல்வதும் பயனுள்ள பழக்கம். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவில் வைத்திருந்ததை ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது; தேர்வு நாள் காலையில் மரத்தடியில் புரட்டிப் புரட்டிப் படிக்கிற மாணவருக்கு ஏன் அது பலன் தருவதுபோல் தோன்றுகிறது என்பதற்கு விளக்கம் அதில் இருக்கிறது. இந்த வினாக்களுக்கு மதிப்பெண் போடக் கூடாது. போட்டால் பக்கத்து நோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பெயர் எழுதாத அரைத்தாளில் இன்று எது விளங்கவில்லை என்று ஒரே வரி எழுதி வாங்கிக்கொள்வேன். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். "மோல்னா எண்ணிக்கையா எடையா மேம்?" என்று ஒரு தாள் வந்தது. துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகான மோலை வைத்துக் கணக்குகளை எல்லாம் போட்டு முடித்த வகுப்பிலிருந்து வந்த தாள் அது. மறுநாள் அந்த வரியைப் பலகையில் எழுதி, இதற்கு யார் விடை சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, "ஒரு டஜன் ஆரஞ்சும் ஒரு டஜன் பலாப்பழமும் எண்ணிக்கையில ஒண்ணு, தூக்கிப் பார்த்தா வேற" என்று பின் வரிசை மாணவி ஒருவர் சொல்லிவிட்டார். எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. பெயர் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

மாணவர்களிடமிருந்து ஓர் எதிர்ப்பு வரும் என்பதைப் புதிய ஆசிரியர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். மேடம் நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார் என்பார்கள். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாமே செய்து கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்களே தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். மனம் முயலும்போது உண்டாகிற சிரமத்தை மாணவர்கள் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே செமஸ்டரின் முதல் வகுப்பிலேயே இந்த ஆய்வை எளிய தமிழில் சொல்லி, ஏன் இப்படி நடத்தப்போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்திலும் அதையே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் பெரும்பாலோர் ஒத்துழைக்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் பணியில் சேரும் இளம் ஆசிரியர்கள் இவை அனைத்தையும் ஒரே செமஸ்டரில் தொடங்க வேண்டியதில்லை. நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மணிநேரத்துக்கு ஒரு வினா என்று தொடங்கினால் போதும். வினாவின் தவறான விடைகளை மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. அவை மாணவர்கள் உண்மையிலேயே எழுதியவையாக இருக்க வேண்டும். அதற்கு மிகச் சிறந்த இடம் சென்ற ஆண்டின் அகமதிப்பீட்டு விடைத்தாள் கட்டு. எங்கள் துறையில் திருத்தும்போது எதிர்ப்படுகிற தவறான காரணங்களை ஒரு பொது நோட்டில் எழுதிவைக்கிறோம், யார் எழுதினார் என்பதைக் குறிப்பதில்லை. கொதிக்கும் தண்ணீரின் குமிழிக்குள் வெற்றிடம் என்ற நான்காவது விடையும் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்தில் அதைப் படித்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் மூத்தவர் ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கலந்துரையாடலின்போது அந்தப் பெஞ்சில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வந்து அவரிடம் கொடுக்கிறார்கள்.